எதிர்க்கடைக் கூட்டம்

மணலூர்பேட்டையில் தங்கமணியின் மளிகைக் கடை காலை முதல் இரவு வரை திறந்திருக்கும். எதிரில் சாலம்மாள் கழனி வேலை முடித்து வந்து, சாயங்காலம் மட்டும் தன் சின்னக் கடையைத் திறப்பாள். அதுவரை காத்திருந்து அங்கேதான் சனங்கள் வாங்குவார்கள். பார்க்கப் பார்க்கத் தங்கமணிக்கு வயிறு எரியும்.

எண்பத்தேழில் இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்தது. ரோட்டில் மரங்கள் கிடந்தன. பஸ் இல்லை, கழனி வேலையும் நின்றது. காலையில் கொஞ்ச நேரம் மட்டும் கடை திறப்பது என்று எல்லாக் கடைக்காரர்களும் பேசி முடிவெடுத்தார்கள். தங்கமணிக்கு உள்ளூரச் சந்தோஷம். இப்போது இரண்டு கடைக்கும் ஒரே நேரம்தானே, பார்த்துவிடலாம்.

மறுநாள் காலையிலும் கூட்டம் எதிர்க்கடையில்தான் மொய்த்தது. பொறுக்க முடியாமல், அங்கிருந்து பையோடு திரும்பிய அதே தெரு ராதிகாவைத் தங்கமணி மறித்தாள்.

"எங்கிட்ட இல்லாத பொருள் அங்க இன்னாடி கீது?"

"பொருளெல்லாம் ஒண்ணுதான்க்கா. அரைப்படி அரிசி வாங்குனா, 'இன்னா, வூட்ல கஷ்டமா'ன்னு நாலு பேரு எதிர்ல நீ கேப்ப. அந்தம்மா வாயே தொறக்காது."

தங்கமணிக்கு முகம் சுண்டிப்போனது.

அடுத்த நாள் கூலிக்காரன் முனியன் தயங்கியபடி வந்து நின்றான். "அங்க பருப்பு தீந்துபோச்சுங்க."

அங்கே இல்லாததால்தான் வந்திருக்கிறான் என்பது அவளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் ஒரு வார்த்தை பேசாமல் நிறுத்துக் கொடுத்தாள்.

மறியல் முடிந்த பிறகும் முனியன் வந்தான். மற்றவர்கள் சாலம்மாளுக்காகத்தான் காத்திருந்தார்கள். பார்க்கக் கூடாது என்று நினைத்தாலும், தங்கமணியின் கண் அங்கேயே போனது.