ஊதாத விசில்

ஆசீர்குடியிருப்பு தொடக்கப் பள்ளியின் விளையாட்டு வாத்தியார் பாக்கியசீலனை ஜூலை மாதம் இரண்டாவது வியாழக்கிழமை, கடைசி பீரியடில், மைதானத்தில் வைத்துப் பதினோரு வெட்டு வெட்டினார்கள். அவர் மீதிப் பீரியடையும் நடத்தி, சுண்ணாம்பு வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, நாலே முக்கால் பஸ்ஸைப் பிடித்து ஏரலில் இறங்கி வீட்டுக்குப் போனார். அன்று அவர் செய்யத் தவறியது ஒன்றே ஒன்றுதான். ஆட்டம் முடிந்ததற்கான விசிலை ஊதவில்லை.

தொடக்கப் பள்ளிகளுக்கு விளையாட்டு வாத்தியார் என்று தனியாக ஒரு பதவி கிடையாது. பாக்கியசீலன் மிஷன் நிர்வாகம் தன் பொறுப்பில் வைத்திருந்த ஆள். கால அட்டவணையில் ஐந்தாம் வகுப்புக்கு வாரம் மூன்று பி.டி. பீரியட் இருந்தது. அதில் இரண்டைக் கணக்கு டீச்சர் சாலோமி வாங்கிக்கொள்வார். வாசலில் வந்து நின்று, "சார், பின்னம் பாதியில நிக்கி. இந்தப் பீரியட மட்டும் தாங்க" என்பார். இவரும் கொடுத்துவிடுவார். மிஞ்சியது வியாழக்கிழமை. மைதானம் ரோட்டுக்கும் தாமிரபரணிக்கும் நடுவில் எண்பத்திரண்டு சென்ட். வினையே அதுதான். மணல் லாரிகள் ஓட்டும் சிவசைலத்துக்கு ஆற்றுக்குள் இறங்க ஒரு வழி வேண்டியிருந்தது. பள்ளிக்கு அந்த நிலத்தைக் கொடுத்தவரின் பேரனைப் பிடித்துத் தன் பேருக்கு ஒரு பத்திரம் எழுதி வாங்கிவிட்டார். நிர்வாகம் வாயைத் திறக்கவில்லை. கோர்ட்டுக்குப் போனவர் பாக்கியசீலன் ஒருத்தர்தான். ஆள் போனால் கேஸும் போய்விடும் என்பது சிறுபிள்ளைக்கும் தெரிந்த விஷயம்.

அந்த வியாழக்கிழமை ஐந்தாம் வகுப்பில் பதிமூன்று பிள்ளைகள் வந்திருந்தார்கள். கபடிக்கு ஒரு பக்கம் ஏழு, ஒரு பக்கம் ஆறு. ஆறு பேர் பக்கத்துக் கேப்டன் அர்வா, சாரைத் தங்கள் பக்கம் நிற்கச் சொன்னாள். எதிர்ப்பக்கம் ஒத்துக்கொள்ளவில்லை. இந்த உடம்பை யார் பிடிப்பது என்று கேட்டார்கள்.

"ஏலே, சார் சும்மா ஒப்புக்குச் சப்பாணிதான்" என்றாள் அர்வா. "தொட்டாலும் அவுட் கிடையாது. தொட்டுட்டு வந்தாலும் பாயின்ட் கிடையாது. போதுமா?"

போதும் என்றார்கள். பாக்கியசீலன் விசில் ஊதி ஆட்டத்தைத் தொடங்கினார். மூன்றாவது நிமிஷம் ரோட்டில் இரண்டு பைக் வந்து நின்றது. முதலில் இறங்கியவன் ஷிபின். சிவசைலத்துக்காக அதற்கு முன் நாலு பேரை முடித்தவன், கை தப்பாதவன் என்று பேர். முதல் வெட்டு இடது தோளில் விழுந்தது. இரண்டாவது கழுத்தில். அரிவாள் எலும்பு வரை போன சத்தம் பள்ளி வராந்தா வரை கேட்டது. ஆனால் அரிவாளை உருவிய மறுகணமே வெட்டுவாய் பிசைந்த மாவு போல ஒட்டிக்கொண்டது. சிவப்பாக ஒரு கோடு மட்டும் நின்றது. ஷிபின் பதினோரு தடவை வெட்டிவிட்டு முழங்காலில் கையை ஊன்றி மூச்சு வாங்கினான்.

"அண்ணே, அவரு ஒப்புக்குச் சப்பாணி" என்றாள் அர்வா. "அவருக்கு என்ன பட்டாலும் கணக்குல வராது."

"யாரு சொன்னா?"

"நான்தான். கேப்டன்."

ஷிபின் அரிவாளைத் திருப்பிப் பார்த்தான். ஒரு பொட்டு ரத்தம் இல்லை. வந்த வழியே பைக்கில் போய்விட்டார்கள். பிள்ளைகள் ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். பெல் அடித்தது. அவர் சட்டையில் பதினோரு கிழிசல் இருந்ததால் எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். விசில் ஞாபகம் யாருக்கும் வரவில்லை.

ஆட்டம் முடியாததால் அவர் ஒப்புக்குச் சப்பாணியாகவே இருந்தார். அதன் மறுபக்கம் மறுநாளே தெரிந்தது. வருகைப் பதிவேட்டில் தலைமையாசிரியை அவர் பேரைத் தாண்டிப் போனார். பஸ் கண்டக்டர் அவரிடம் டிக்கெட் கேட்பதை விட்டார். ரேஷன் கடை மெஷின் அவர் விரலை ஏற்கவில்லை. மனைவி ஜெசி மகளுக்கும் தனக்கும் மட்டுமே உலையில் அரிசி போட்டாள். அவர் சாப்பிட வந்து உட்கார்ந்ததும், "ஐயோ, எப்படிங்க மறந்தேன்" என்று தினமும் அழுதாள், மறுநாளும் மறந்தாள். விசில் கழுத்திலேயே கிடந்தது. ஊதி ஆட்டத்தை முடித்தால் கணக்கில் வந்துவிடலாம். ஒருநாள் குளியலறையில் அதை உதட்டில் வைத்துப் பைய ஊதிப் பார்த்தார். சத்தம் வருமுன்னே கழுத்துக் கோடு வாய் பிளந்து பனியன் நனைந்தது. விசிலை எடுத்தார். மூடிக்கொண்டது.

செப்டம்பரில் நாட்டு வெடிகுண்டு வீசினார்கள். அவருடைய கைக்கடிகாரம் நின்றுபோனது, அவ்வளவுதான். அக்டோபரில் வளைவில் லாரியை ஏற்றினார்கள். கூடவே நடந்து வந்த பள்ளி வாட்ச்மேன் ஞானையா மேலும் அது ஏறியது. ஞானையா கணக்கில் இருந்தவர். டயருக்கு அடியிலிருந்து அவரைப் பாக்கியசீலன்தான் அள்ளி எடுத்தார். அடக்கத்தன்று பிள்ளைகள் அர்வாவைச் சுற்றி நின்று ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டார்கள். "ஞானையா மாமா ஆட்டத்துலயே இல்லியேல" என்று சொல்லிவிட்டு அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். டிசம்பரில் கேஸ் விசாரணைக்கு வந்தது. டவாலி மூன்று தடவை பேர் சொல்லிக் கூப்பிட்டார். பாக்கியசீலன் கூண்டுக்குப் பக்கத்தில் நின்று மூன்று தடவையும் "இருக்கேன் ஐயா" என்றார். மனுதாரர் ஆஜராகவில்லை என்று பதிவு செய்து வழக்கைத் தள்ளுபடி செய்தார்கள். மைதானம் சிவசைலத்துடையது ஆனது.

ஜனவரி மூன்றாவது வியாழக்கிழமை, கடைசி பீரியடில், சிவசைலம் ஜே.சி.பி.யோடும் ஆறு ஆட்களோடும் வந்து இறங்கினார். அவருக்கு மைதானத்தைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. தீபாவளிக்கு முந்தின வாரம் தொழில் கூட்டாளியை அவர் தன் கையாலேயே முடித்திருந்தார். செத்தவனின் தம்பிமார் மூன்று பேர் நாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன வே வாத்தியாரே, நல்லாருக்கீரா? பதினோரு வெட்டு வாங்குன ஆளு மாதிரியே இல்லியே."

"எல்லாம் அண்ணாச்சி புண்ணியம்."

"ஒமக்கு அந்தப் புள்ள செஞ்சத எனக்கும் செய்யச் சொல்லும்."

அர்வா மறுத்தாள். ஒரு ஆட்டத்துக்கு ஒரு ஒப்புக்குச் சப்பாணிதான், ஜூலையில் தொடங்கிய ஆட்டம் இன்னும் முடியவில்லை என்றாள். அப்படியானால் வாத்தியாரை ஆட்டத்தில் சேர்த்துவிட்டுத் தன்னை அந்த இடத்தில் போடச் சொன்னார் சிவசைலம். ஷிபின் வந்து அரிவாளின் முதுகை அவள் பின்னங்கழுத்தில் வைத்தான். அவள் அசையாமல் சாரையே பார்த்தாள். பதினோரு கோடும் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். பாக்கியசீலனுக்கு இன்னொன்றும் தெரியும். அரை வருஷமாக அதை அனுபவித்தவர் அவர் ஒருத்தர்தான்.

"அண்ணாச்சி, நல்லா யோசிச்சிட்டீகளா?"

"இதுல யோசிக்க என்ன வே இருக்கு?"

"சரி. அர்வா, அவுட் ஆனவன் எப்போ உள்ள வருவான்?"

"நம்ம பக்கம் எதிராளி ஒருத்தன அவுட் ஆக்குனா வரலாம் சார்."

"அத மட்டும் மறந்துராத. ஆள மாத்து."

ஷிபின் அவள் கழுத்திலிருந்து அரிவாளை எடுத்துவிட்டு, வேடிக்கை பார்க்க வசதியாக நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்றான். எதிர்ப்பக்கத்து ஏழு பிள்ளைகளும் அவனுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டார்கள். "சார் ஆட்டத்துக்குள்ள" என்றாள் அர்வா. "அண்ணாச்சி ஒப்புக்குச் சப்பாணி." பாக்கியசீலன் ஆள் மாற்றும்போது ஊதுகிற இரட்டை விசிலை ஊதினார். பதினோரு வெட்டுவாயும் ஒரே நேரத்தில் திறந்தன. நின்ற இடத்திலேயே முழங்கால் மடங்கி, சுண்ணாம்புக் கோட்டின் மேல் குப்புற விழுந்தார். கோடு ஒரு ஆள் நீளத்துக்குச் சிவந்தது. "சார் அவுட்" என்று எதிர்ப்பக்கத்துப் பையன் ஒருவன் பழக்கத்தில் சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான்.

சிவசைலம் தன் தோளை ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டார். "ஏலே, வண்டிய உள்ள விடுலே" என்றார். டிரைவர் இஞ்சினை அணைத்துவிட்டு டீ குடிக்கப் போனான். "இந்தப் புள்ளைகளத் தூக்கி வெளிய போடுங்கலே" என்றார். அவர் ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்து, இங்கன எதுக்கு வந்தோம் என்று கேட்டுக்கொண்டார்கள். அவர் கத்திக்கொண்டே இருந்தார். பக்கத்து வயலில் மோட்டார் ஓடுகிற சத்தத்துக்குத் தருகிற மரியாதைதான் அதற்கும் கிடைத்தது.

அர்வா குனிந்து மண்ணைத் தொட்டுக் கும்பிட்டாள். மூச்சை இழுத்துக்கொண்டு பாட ஆரம்பித்தாள். கபடி, கபடி, கபடி. நடுக்கோட்டைத் தாண்டினாள். ஷிபின் அரிவாளை ஓங்கினான். அவள் அந்தக் கைக்கு அடியில் புகுந்து அவன் முழங்காலை விரல் நுனியால் தொட்டுவிட்டு, பாட்டு அறுபடாமல் திரும்பிக் கோட்டை மிதித்தாள். சாரை வெட்டிய வரிசையிலேயே வெட்டுகள் அவன் உடம்பில் திறந்தன. முதலில் ஷிபினின் இடது தோள், பிறகு கழுத்து, பிறகு மற்ற ஒன்பதும். அவுட் ஆனவர்கள் உட்காரும் வேப்பமரத்தடி வரை நடந்து போய் உட்கார்ந்தான். பெல் அடிக்கும்போது உயிர் இல்லை. பாக்கியசீலன் எழுந்து மூக்கிலிருந்த மண்ணைச் சிந்தினார். உடம்பில் கோடுகூட இல்லை. அன்று இரவு ஜெசி மூன்று பேருக்கு அரிசி போட்டாள்.

போலீஸ் வந்து பார்த்தது. வெட்டு பதினொன்று, அரிவாள் ஷிபினுடையது, பிடியில் இருந்த ரேகையும் அவனுடையது. பிள்ளைகள் எல்லோரும் அவன் அவுட் என்று ஒரே மாதிரி வாக்குமூலம் கொடுத்தார்கள். விசாரணை மூன்று வாரத்தில் முடிந்தது. சிவசைலத்தின் பத்திரத்தில் வாங்கியவர் பேர் இருக்க வேண்டிய இடத்தை எந்த அதிகாரியாலும் வாசிக்க முடியவில்லை. நிலம் பள்ளிக்கே திரும்பியது. கூட்டாளியின் தம்பிமார் மூன்று பேரும் ஒரு மத்தியானம் வந்து சிவசைலத்தை வெட்டிப் பார்த்தார்கள், ஒன்றும் ஆகாததால் போய்விட்டார்கள்.

இது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. ஆட்டம் இன்னும் முடியவில்லை. முடிவு விசிலை ஊதினால் சிவசைலம் கணக்கில் வந்துவிடுவார் என்பதால் பாக்கியசீலன் அதை ஊதுவதில்லை. அர்வா ஏரலில் ஏழாம் வகுப்புப் படிக்கிறாள். போகும்போது கேப்டன் பொறுப்பை அடுத்த வகுப்புக்குக் கொடுத்துவிட்டுத்தான் போனாள். ஸ்கோர் வராந்தாச் சுவரில் கரியால் எழுதி இருக்கிறது, நேற்றைய நிலவரம் 2114க்கு 2109. ஒவ்வொரு வியாழக்கிழமையும் சிவசைலம் வந்து கோட்டுக்குள் நிற்கிறார். "ஏ தம்பி, என்னையத் தொடுலே" என்று கேட்கிறார். "தொட்டா கணக்குல வராது அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுப் பிள்ளைகள் அவரைக் கம்பத்தைச் சுற்றுவதுபோல் சுற்றிக்கொண்டு ஓடுகிறார்கள். ஆட்டம் நடுவில் இருக்கும்போது பீரியடைக் கேட்பது முறையில்லை என்று சாலோமி டீச்சரும் கேட்பதை நிறுத்திவிட்டார். வாரம் மூன்று பீரியடும் மைதானத்தில்தான். பின்னம் இன்னும் பாதியில்தான் நிற்கிறது.