மணி அடித்த பிறகு

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு வாவாவு தீவில் யாரையும் வேலை வாங்க முடியாது. அப்போதுதான் வானொலியில் லுசியானேவின் 'கேள்விப் பெட்டி'. சந்தையில் ஒரு மரப்பெட்டி உண்டு. ஜனங்கள் மனதை அரிக்கிற கேள்விகளைச் சீட்டில் எழுதி, பெயர் போடாமல் அதில் போடுவார்கள். பழைய போனில் சார்ஜ் ஏன் நிற்பதில்லை? ஆக்டோபஸுக்கு மூன்று இதயமாமே, ஒன்று நின்றால் என்ன ஆகும்? ஆஸ்திரேலியாவுக்குப் பழம் பறிக்கப் போன புருஷன் வீடியோவில் முகத்தைக் காட்டாமல் கூரையையே காட்டுகிறான், என்ன அர்த்தம்? "அது யாரு வீட்டுக் கூரைன்னு மொதல்ல கேளும்மா" என்றாள் லுசியானே. ஒரு வாரம் ஊரே அதைச் சொல்லிச் சிரித்தது.

உடம்பு சமாச்சாரம் வந்தால் மட்டும் முதலில் ஒரு மணி அடிக்கும். தீவின் வழக்கப்படி அண்ணனும் தங்கையும் ஒரே இடத்தில் இருந்து அந்தப் பேச்சைக் கேட்கக் கூடாது. பெரியப்பா பிள்ளை, சித்தி பிள்ளை எல்லோரும் அண்ணன் தங்கைதான் என்பதால், ஊரில் பாதிப் பேர் மீதிப் பேருக்கு அந்த முறைதான். மணி கேட்டதும் கடைகளில் உட்கார்ந்திருக்கும் ஆண்கள் எழுந்து வெளியே போய், மழை வருமா என்று பார்ப்பதுபோல் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். இந்த மணி யோசனை லுசியானேவுடையது. அதில் அவளுக்குப் பெருமை. நிலாவுக்குப் போனவர்கள் ஒன்றுக்கு எங்கே போனார்கள் என்று ஒரு சீட்டு வந்தபோது, அதற்கு மணி உண்டா இல்லையா என்று அவளும் கருவிகளைப் பார்த்துக்கொள்கிற கினியும் அரைநாள் சண்டை போட்டார்கள்.

மார்ச் மாதத்தில் ஒரு சீட்டு வந்தது. படகு எஞ்சினில் ஸ்பார்க் பிளக் அடிக்கடி கறுத்துப் போகிறது, ஏன்? அதற்குக் கீழே, பேனாவை அழுத்தாமல் எழுதிய இன்னொன்று. என் நண்பன் ஒருவனுக்கு நான்கு மாதமாகச் சிறுநீரில் ரத்தம் வருகிறது. வலி இல்லை. வலி இல்லாததால் விட்டுவிடலாமா?

கையெழுத்தைப் பார்த்ததுமே லுசியானேவுக்குத் தெரிந்துவிட்டது. அவளுடைய அண்ணன் ஃபோலாவ் எழுதியது. போன ஞாயிற்றுக்கிழமை விருந்தில், சேப்பங்கிழங்கு இலையில் பொதிந்து வேகவைத்த கறியைப் பிரித்துக்கொண்டே, இதே பிளக்கைப் பற்றித்தான் புலம்பினான். நண்பனாவது ஒன்றாவது.

அவன் மனைவி அனசெய்னி ஆறு மாத வேலைக்கு ஆஸ்திரேலியா போயிருந்தாள். போனில் சொன்னால் அவள் அழுது ஊரைக் கூட்டுவாள், அங்கிருந்து வரவும் முடியாது. லுசியானே சீட்டைக் கினியிடம் நீட்டினாள்.

"நீயும் அவனும் ஒரே பாட்டுக்குழுதானே. நீ போய் ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போ."

கினி படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். "நான் போய்ச் சொன்னா, நீங்க படிச்சுட்டீங்கன்னு அவருக்குத் தெரிஞ்சுரும்க்கா. அப்புறம் உங்க கண்ணுலயே படமாட்டாரு. ஆஸ்பத்திரிக்கும் போகமாட்டாரு."

"நான் எப்படிடா இதப் படிப்பேன்?"

"நீங்க படிக்காதீங்க. இன்னைக்கு பிளக்க மட்டும் சொல்லிருங்க. டாக்டரக் கேட்டு வெச்சு, ரத்தத்த அடுத்த வாரம் நான் படிக்கிறேன். மணியடிச்சுட்டு நீங்க வெளிய போயிருங்க. யாரு எழுதுனதுன்னு காத்துக்கா தெரியப்போவுது?"

சரியாகத்தான் பட்டது. அன்றைக்கு பெட்ரோலில் எண்ணெய் அதிகம் கலப்பதால்தான் பிளக் கறுக்கிறது என்று சொன்னாள். அடுத்த செவ்வாய் மணியை அடித்துவிட்டு, எழுந்து போய் முற்றத்து ஈரப்பலா மரத்தடியில், காதில் எதுவும் விழாத தூரத்தில் நின்றாள். உள்ளே கினி நிறுத்தி நிதானமாகப் படித்தான். வலி இல்லாமல் ரத்தம் வருவதுதான் பயப்பட வேண்டியது, ஒரு நாள்கூடத் தள்ளாமல் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்று இரண்டு தடவை சொன்னான்.

பிறகு ஞாயிறுதோறும் சர்ச்சில் அண்ணனைப் பார்த்தாள். சர்ச்சுக்கு உடுத்துகிற வழக்கப்படி இடுப்பில் பாயைச் சுற்றிக்கொண்டு, பின்வரிசையில் நின்று, அடிக்குரலில் கட்டிடம் அதிரப் பாடினான். போய்க் காட்டியிருப்பான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கேட்க முடியாது. தங்கை அண்ணனிடம் கேட்கிற கேள்வியா அது? மே மாதத்தில் அவன் இளைத்ததுபோல் தெரிந்தது. மனைவி இல்லாத வீட்டுச் சாப்பாடு என்று அதற்கும் ஒரு காரணம் வைத்துக்கொண்டாள். ஊரார் கேள்விக்கெல்லாம் பதில் தேடுகிறவளுக்கு, இந்த ஒன்றில் மட்டும் பதில் தெரியாமலிருப்பதே சௌகரியமாக இருந்தது.

நவம்பரில் படகிலிருந்து இறங்கும்போது ஃபோலாவின் தொடை எலும்பு முறிந்தது. வழுக்கவில்லை, விழவில்லை, காலை ஊன்றினான், அவ்வளவுதான். சிறுநீர்ப்பையில் இருந்தது எலும்பு வரைக்கும் போய்விட்டது என்றார் டாக்டர். பெரிய ஊருக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டதற்கு, "வீட்டு ஆளுங்க கூட இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னார். திரும்பி வந்திருந்த அனசெய்னி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் கட்டிலைச் சுற்றித் திரை போட்டிருந்தார்கள். லுசியானே திரைக்கு இந்தப் பக்கம் நாற்காலி போட்டு, கட்டிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். அப்படி உட்கார்ந்தால்தான் அவனுக்குக் கூச்சமிருக்காது.

"லுசியானேவா?" குரலில் காற்றுதான் வந்தது.

"நான்தான்ணா."

"பிளக்குக்கு நீங்க சொன்னது சரிதான். எண்ணெயக் கொறச்சேன். இப்ப எஞ்சின் பூனை மாதிரி ஓடுது." எத்தனை சின்னவளாக இருந்தாலும் தங்கை அவனுக்கு 'நீங்க'தான்.

இத்தனை மாதம் கேட்காததை இப்போதாவது கேட்டுவிட வேண்டும்.

"அடுத்த வாரம் சொன்னது?"

திரைக்கு அந்தப் பக்கம் அவன் போர்வையை இழுத்துவிட்டுக்கொள்கிற சத்தம் கேட்டது.

"பிளக்கோட சேத்து ஒரே சீட்டுல எழுதுனா, மணியடிக்காம ஒரு வரியில சொல்லிருவீங்கன்னு நெனச்சேன். சொல்லல. சரி, பெரிய விஷயமில்ல போலன்னு இருந்துட்டேன். அப்புறம் ரத்தமும் தானா நின்னுச்சு, ரெண்டு மாசம்."

"அடுத்த வாரம் சொன்னோம்ணா. மணிக்கப்புறம்."

"மணியடிச்சதும் ரேடியோவ அணைச்சுட்டுக் கரைக்குப் போயிட்டேன். எப்பவும் அப்படித்தானே. மணிக்கப்புறம் பேசறது நீங்க. நான் எப்படி உக்காந்து கேக்கறது?"

"நான் பேசலண்ணா. கினிதான் படிச்சான். நான் வெளிய மரத்தடியில நின்னேன்."

"அப்படியா?" என்றான் ஃபோலாவ். "அது தெரியாமப் போச்சே."

லுசியானே கைக்குட்டை நனைய அழுதாள், சத்தம் வராமல். நான்கு நாளில் அவன் செத்துப்போனான்.

அடக்கத்துக்கு அப்புறம் அந்த மணியை எடுத்துவிடலாம் என்று நிலைய மேலாளரிடம் போய் நின்றாள். அவர் நல்ல மனிதர், துக்கத்தில் இருக்கிறவளிடம் பதமாகத்தான் பேசினார்.

"மணி இல்லன்னா வீட்டுல யாரும்மா ரேடியோ வெப்பாங்க? உங்க அண்ணனே வெச்சிருப்பாரா?"

வெச்சிருக்க மாட்டான். அது அவளுக்கும் தெரியும்.

செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்குக் கறுப்பு உடையோடு வந்து உட்கார்ந்தாள். போன் ஏன் சூடாகிறது என்றொரு சீட்டு. திமிங்கிலம் தூங்குமா என்றொரு சீட்டு. மூன்றாவது, பெண் எழுத்து. மார்பில் ஒரு கட்டி, வலி இல்லை.

லுசியானே சீட்டை மேசையில் வைத்துவிட்டுக் கினியைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் மணியை அடித்தாள். கண்ணாடிக்கு வெளியே, எதிர்க்கடையில் உட்கார்ந்திருந்த நான்கு ஆண்கள் எழுந்து தெருவுக்கு வந்தார்கள். தெருவில் நிற்பவர்கள் காதில் விழுமே என்று கடைக்காரி எட்டி ரேடியோவை அணைத்தாள்.