எட்டுக்கு எதிராக

அட்லாண்டிக் சிட்டியில் கடலைப் பார்த்து நிற்கும் காசினோ ஒன்றில் பத்தொன்பது வருடம் கிராப்ஸ் என்ற பகடை ஆட்ட மேசையில் நின்றவள் நான். ஜெயித்தவர்களுக்குப் பணத்துக்குப் பதிலான சில்லு எண்ணி வைப்பதும், தோற்றவர்களுடையதை வாரி எடுப்பதும் என் வேலை. அதோடு வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு இன்னொரு வேலையையும் தலையில் கட்டியிருந்தார்கள். பிலடெல்பியாவிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கும் ஓய்வூதியக்காரர்களுக்கு ஆட்டத்தை இலவசமாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

இலவசம் என்றால் அதிலும் ஒரு கணக்கு உண்டு. மேற்பார்வையாளர் காரிட்டி முதல் நாளே என்னைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். மேசையின் நடுவில் இருக்கும் பந்தயங்களை நன்றாக விளக்க வேண்டும். இரட்டை நாலுக்கு ஒன்பது மடங்கு, அடுத்த உருட்டில் ஏழு விழுந்தால் நாலு மடங்கு என்று ஆசை காட்டும் கட்டங்கள் அவை. கொடுப்பது பெரிதாகத் தெரியும். பிடுங்குவது அதைவிடப் பெரிது. முதல் பந்தயத்துக்குப் பின்னால் கூடுதலாக வைக்கும் பந்தயம் ஒன்று இருக்கிறது. அதில் காசினோவுக்கு ஒரு காசு லாபம் கிடையாது. அதனாலேயே மேசை விரிப்பில் அது எங்கும் எழுதப்பட்டிருக்காது. யாராவது கேட்டால் மட்டும் சொல் என்றார். யாரும் கேட்டதில்லை.

தொண்ணூற்று மூன்றாம் வருடம் மார்ச் மாதம் காஸிமிர் வோய்னர் என்பவனும் அவன் மனைவி பெர்னடீனும் அந்த வகுப்புக்கு வந்தார்கள். அறுபத்தாறு வயது ஆளை 'அவன்' என்று சொல்வதற்கு மன்னிக்க வேண்டும். மரியாதையாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாற்பது வருடம் வீட்டுக்கூரை போட்ட உடம்பு, அதற்கேற்ற குரல். பெர்னடீன் பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மெலிந்த கைகள். கைப்பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நிற்பாள்.

நான் வழக்கம்போல ஆரம்பித்தேன். மேசையைச் சுற்றி ஓடும் அகலமான பட்டைக்கு பாஸ் என்று பெயர். அதில் வைப்பது உருட்டுகிறவன் ஜெயிப்பான் என்ற பந்தயம். முதல் உருட்டில் ஏழோ பதினொன்றோ வந்தால் ஜெயம். இரண்டு, மூன்று, பன்னிரண்டு வந்தால் போச்சு. வேறு எண் வந்தால் அதுதான் குறி. ஏழு விழுவதற்குள் அந்தக் குறி மறுபடி விழ வேண்டும். அதற்கு உள்ளே ஒடுங்கிக் கிடக்கும் பட்டை டோன்ட் பாஸ். அது நேர் எதிர்ப் பந்தயம். உருட்டுகிறவன் தோற்றால் அதில் வைத்தவருக்கு லாபம். இழவு வீட்டில் சிரிப்பவனைப் பார்ப்பதுபோலத்தான் மேசையில் மற்றவர்கள் அவர்களைப் பார்ப்பார்கள்.

காஸிமிர் பாதியிலேயே கேட்பதை நிறுத்திவிட்டான். நடுக்கட்டங்களில் கண் போய்விட்டது. பெர்னடீன் ஏதோ கேட்க வாயெடுத்தபோது, அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் உருளைக்கிழங்கு எண்ணியே பழக்கம் என்று சொல்லிச் சிரித்தான். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள்.

வகுப்பு முடிந்து காப்பிக் கவுன்டரில் நின்றபோது என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"டோன்ட் பாஸ் நேர் எதிர்ப் பந்தயம்னு சொன்னே. ஆனா விரிப்புல பன்னெண்டு செல்லாதுன்னு போட்டிருக்கே. அப்போ முதல் உருட்டுல பன்னெண்டு வந்தா, பாஸ்ல வச்சவங்க தோப்பாங்க, எதிர்ல வச்சவங்களுக்கு ஒண்ணும் கிடைக்காது. அப்படித்தானே?"

"அப்படித்தான். எங்க முதலாளி வீட்டு அடுப்பு அந்தப் பன்னெண்டுலதான் எரியுது."

அவள் சிரிக்கவில்லை. அடுத்து, பாஸ் கோட்டுக்குப் பின்னால் சிலர் சில்லு வைக்கிறார்களே, அதைப்பற்றி நீ ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். பத்து நிமிடம் ஆட்டத்தைப் பார்த்தே கண்டுபிடித்திருந்தாள். கேட்டால் சொல்லலாம் என்பதுதானே உத்தரவு. சொன்னேன். அன்றைக்கு ஒரு காப்பி ஆறுவதற்குள் ஆட்டம் முழுவதையும் அவளுக்குச் சொல்லிவிட்டேன். இரண்டு பகடையில் ஏழு விழ ஆறு வழி, ஆறுக்கும் எட்டுக்கும் ஐந்து ஐந்து வழி, நாலுக்கும் பத்துக்கும் மூன்று மூன்று. எந்தக் கட்டம் எவ்வளவு தின்னும் என்பதையும் சொன்னேன். இவ்வளவு வருடத்தில் ஒரு ஆள் ஒழுங்காகக் கேட்கிறாளே என்று எனக்கு ஒரே பெருமை.

அதற்குப் பிறகு வியாழன் தவறாமல் வந்தார்கள். காஸிமிர் மேசையின் ஒரு முனையில் நிற்பான். பாஸில் கொஞ்சம் வைத்துவிட்டு மீதியை நடுக்கட்டங்களில் அள்ளி வீசுவான். பெர்னடீன் மறுமுனையில் நிற்பாள். அவள் வேடிக்கை பார்க்கிறாள் என்று அவன் நினைத்தான். பகடை அவன் கைக்கு வரும்போது மட்டும் டோன்ட் பாஸில் இருபத்தைந்து டாலர் வைப்பாள். வேறு யார் உருட்டினாலும் வைக்க மாட்டாள். நடுக்கட்டங்களைத் தொட்டதே இல்லை. அந்தப் பட்டையில் இருக்கும் சில்லு யாருடையது என்று அவன் ஒருநாளும் பார்க்கவில்லை. அவளையே பார்க்காதவன் சில்லையா பார்க்கப்போகிறான்?

பகடைக்கு யார் உருட்டுகிறார்கள் என்று தெரியாது. அந்த வருடம் எப்படி வேண்டுமானாலும் போயிருக்கலாம். காஸிமிருக்குக் கெட்ட வருடமாகப் போனது, அவ்வளவுதான். சில வாரம் ஐம்பது, சில வாரம் நூறு என்று அவள் பையில் சேர்ந்தது. வங்கியில் போட்டால் வீட்டுக்குக் கடிதம் வரும் என்று கைப்பையின் உள்துணியைப் பிரித்து உள்ளே வைத்துத் தைத்துக்கொள்வாள்.

அடுத்த ஏப்ரலில் ஒரு வியாழன் மதியம், பெண்கள் கழிவறையில் கை கழுவிக்கொண்டிருந்தபோது, அன்றைக்குத்தான் கடைசி நாள் என்று சொன்னாள். நாலு பத்துக்கு ஸ்க்ரான்டன் போகும் பஸ். அங்கே தங்கை வீட்டுக் கீழ்த்தளத்தில் ஒரு அறை காலியாக இருக்கிறது. அம்மா தனக்கு விட்டுப்போன வீட்டை அவன் விற்று, அந்தப் பணத்தை இரண்டே வருடத்தில் இதே ஊரில் தொலைத்ததை அப்போதுதான் சொன்னாள். நாலாயிரத்து முந்நூறு டாலர் பையில் இருந்தது. டிக்கெட்டும் எடுத்து கோட்டுப் பையில் வைத்திருந்தாள்.

"அப்போ ஏன் இன்னும் இங்க நிக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"மணி ரெண்டுதானே ஆச்சு" என்றாள்.

இரண்டரைக்குப் பகடை காஸிமிர் கைக்கு வந்தது. நான் வளைந்த கம்பைப் பிடித்துப் பகடைகளை அவன் பக்கம் தள்ளினேன். பெர்னடீன் டோன்ட் பாஸில் ஐம்பது வைத்தாள். முதல் உருட்டே ஏழு. ஐம்பது போயிற்று. அடுத்து நூறு வைத்தாள். குறி ஒன்பது விழுந்தது. நாலைந்து உருட்டில் மறுபடி ஒன்பது வந்தது. நூறும் போயிற்று.

இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மேசையில் வேலை பார்க்கும் நாங்கள் இடம் மாறுவோம். மாறியதில் நான் அவள் நின்ற முனைக்கு வந்தேன். அதற்குப் பிறகு அவள் சில்லை எடுத்தது என் கை.

இருநூறு வைத்தாள். பதினொன்று வந்தது. நானூறு வைத்தாள். குறி ஆறு, மறுபடி ஆறு. காஸிமிர் பக்கம் ஆட்கள் மூன்று வரிசை சேர்ந்துவிட்டார்கள். முன்பின் தெரியாதவர்கள் அவன் முதுகைத் தட்டினார்கள். அவன் விட்டெறிந்த நடுக்கட்டங்கள்கூட அன்றைக்குக் காய்த்துத் தள்ளின. எண்ணூறு வைத்தபோது, பஸ்ஸுக்கு நேரமாகிறதே என்று குனிந்து சில்லை அடுக்குவதுபோல மெதுவாகச் சொன்னேன். ஆட்டக்காரரிடம் நிறுத்து என்று சொல்லும் உரிமை எங்களுக்குக் கிடையாது. என் முதுகுக்குப் பின்னால் காரிட்டி நின்றுகொண்டிருந்தார். அவளுக்குக் காதில் விழுந்தது.

எண்ணூறும் போயிற்று. அடுத்து ஆயிரத்து அறுநூறு. குறி பத்து. பத்து விழ மூன்றே வழி. ஏழு விழ ஆறு வழி. இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அவள் பக்கம் சாய்ந்திருந்தது. அடுத்த உருட்டே பத்து.

அந்தச் சில்லுக் குவியலை வாரி எடுத்தேன். அவள் பையின் துணியைக் கிழித்து மிச்சமிருந்த நோட்டை விரிப்பில் வைத்தாள். ஆயிரத்து நூற்று ஐம்பது. நான் எண்ணி, சத்தமாகச் சொல்லி, சில்லாக மாற்றிக் கொடுத்தேன். எல்லாவற்றையும் டோன்ட் பாஸில் வைத்தாள்.

காஸிமிர் உருட்டினான். எட்டு. குறி எட்டு.

அப்போதுதான் அவன் சந்தோஷத்தைக் காட்ட அவளைத் தேடினான். ஐம்பது நிமிடத்தில் முதல் தடவை. மேசையே கை தட்டிக்கொண்டிருக்க, ஒருத்தி மட்டும் தட்டாமல் நிற்பதைப் பார்த்தான். அவள் கைக்கு நேரே இருந்த குவியலையும் பார்த்தான்.

"அது உன்னுதா, பெர்னி?"

"ஆமா."

"எனக்கு எதிரா வச்சிருக்கியா?"

"ஆமா. ஒரு வருஷமா."

அவன் முகம் சிவந்தது. பிறகு சிரித்தான், வகுப்பில் சிரித்த அதே சிரிப்பு.

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. அதை எடுத்துக்கலாம், தெரியுமா? கேளு அந்தப் பொண்ணை."

அவன் சொன்னது சரிதான். குறி விழுந்த பிறகு டோன்ட் பாஸில் இருப்பதைத் திரும்ப எடுத்துக்கொள்ள விரும்பினால் காசினோ சந்தோஷமாக விடும். ஏனென்றால் அந்த நேரத்தில் பந்தயம் வைத்தவர் பக்கம்தான் சாய்ந்திருக்கும். விவரம் தெரிந்தவர்கள் எடுக்க மாட்டார்கள். பெர்னடீன் என்னைப் பார்த்தாள். எடுத்துவிடுங்கள் என்று கண்ணால் கெஞ்சினேன். அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

"ஏழுக்கு ஆறு வழி. எட்டுக்கு அஞ்சு வழி" என்று அவனைப் பார்த்துச் சொன்னாள். "உருட்டு."

அவன் உருட்டினான். ஐந்து. நாலு. ஒன்பது. அப்புறம் மூன்றும் ஐந்துமாக விழுந்தது. எட்டு.

கூரை பிய்ந்துபோகும் சத்தம். கடைசிக் குவியலையும் நானே எடுத்தேன். அடுத்த குறிக்கு இரண்டாவது உருட்டில் ஏழு விழுந்து அவன் முறை முடிந்தது. அப்போது எதிர்ப்பட்டையில் அவளுடைய சில்லு ஒன்றுகூட இல்லை.

ஒன்பதாயிரத்து அறுநூறு டாலர் ஜெயித்திருந்தான். எங்களுக்கு இருநூறு அன்பளிப்பு வைத்தான். சுற்றி நின்றவர்களிடம், கட்டின பொண்டாட்டியே எதிரே வைத்தும் தன்னை வீழ்த்த முடியவில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அவர்கள் அவளைப் பார்த்து ஊளையிட்டார்கள். அவன் அவள் கையில் பத்து டாலர் நோட்டைத் திணித்து, போய் ஏதாவது சாப்பிடச் சொன்னான்.

எனக்கு இடைவேளை விட்டதும் ஓடினேன். காப்பிக் கவுன்டரில் உட்கார்ந்திருந்தாள். மணி மூன்று நாற்பது. பஸ் நிலையம் பத்து நிமிட நடை. டிக்கெட்தான் இருக்கிறதே, கிளம்புங்கள் என்றேன். வெறுங்கையோடு தங்கை வாசலில் போய் எப்படி நிற்பது என்று கேட்டாள். என்னிடம் இருந்த நூற்றுப்பத்து டாலரை நீட்டினேன். வாங்க மறுத்துவிட்டாள். ஐந்து மணிக்கு அவனோடு பிலடெல்பியா பஸ்ஸில் ஏறினாள்.

ஒரு மாதம் கழித்து மறுபடி வந்தார்கள். இந்த முறை அவளைத் தன் பக்கத்திலேயே நிறுத்திக்கொண்டான். அவன் உருட்டும் ஒவ்வொரு முறையும் ஐந்து டாலர் சில்லு ஒன்றை அவள் கையில் கொடுத்து, பாஸ் கோட்டில் அவள் கையாலேயே வைக்கச் சொன்னான். வைத்தாள். ஒன்பதாயிரத்து அறுநூறும் நடுக்கட்டங்களில் கரைய செப்டம்பர்வரைகூடப் பிடிக்கவில்லை. அதற்குப் பிறகும் வந்தார்கள்.

வகுப்பு நடத்துவதை நான் நிறுத்திவிட்டேன். தொண்டை சரியில்லை என்று காரிட்டியிடம் பொய் சொன்னேன். மேசை வேலையை விட முடியவில்லை. விட்டால் சாப்பாட்டுக்கு வேறு வழியில்லை.

அந்த நவம்பரில், அதே கழிவறையில், அவள் தனியாக முகம் கழுவிக்கொண்டிருந்தாள். பேசாமல் போய்விடலாம் என்று திரும்பினேன். கூப்பிட்டாள்.

"ரோசலி, என்னைப் பாத்து ஒளியாதே. நீ ஒழுங்காத்தான் சொல்லிக்குடுத்தே."

"நான் வாயை மூடிட்டு இருந்திருக்கணும்."

"ஐம்பதோட நிறுத்தியிருக்கலாம். நூறோட நிறுத்தியிருக்கலாம். பஸ்ஸுக்குக் காசு இருந்துச்சு, வாடகைக்குக் காசு இருந்துச்சு." காகிதத் துண்டால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். "போற அன்னைக்கு அவன் தோக்கறதை ஒரு தடவை பாத்துட்டுப் போகணும்னு இருந்துச்சு. அதுக்கு நீ சொன்ன கணக்குல இடமே இல்ல."

வெளியே காஸிமிர் அவள் பெயரைச் சொல்லிக் கத்துவது கேட்டது. பகடை அவன் கைக்கு வந்திருக்க வேண்டும். அவள் காகிதத்தைக் கூடையில் போட்டுவிட்டுப் போனாள். என் இடைவேளையில் இன்னும் எட்டு நிமிடம் மிச்சம் இருந்தது. நான் அங்கேயே நின்றேன்.