கல்யாணத் துணி

“தெருவுல போறவனை ராஜாவே ஆள் விட்டுக் கூப்பிட்டுட்டு, கல்யாணத் துணி எங்கடான்னு கேட்டா, அவன் எங்க போவான் டீச்சர்?”

என்றைக்கோ ஒரு ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் ஒரு வாண்டு கேட்ட கேள்வி அது. நற்செய்தியில் வரும் அரசன் வீட்டுத் திருமண விருந்து. உரிய ஆடையில்லாமல் வந்தவனைக் கையும் காலும் கட்டி வெளியே தள்ளுகிற கதை. “சுத்தமான மனசுதான்டா அந்தத் துணி” என்று சலோமி மனப்பாடமாகச் சொன்னாள். பையன் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு உட்கார்ந்தான்.

இன்று அவள் மகள் ஜெனிட்டாவுக்குத் திருமணம். கோவிலில் பூசை முடிந்து, மண்டபத்தில் முதல் பந்திக்கு இலை போட்டாயிற்று. சந்தனமும் கற்கண்டும் வைத்த மேசையருகே பன்னீர்ச் செம்போடு நின்ற சம்பந்தி சிலுவைராஜின் குரல் திடீரென்று உயர்ந்தது.

“என்னம்மா, மீன் விக்கிற கோலத்துலயே வந்துட்டே? இது கல்யாண வீடு.”

சலோமி வாசலுக்கு ஓடினாள். கோட்டுச்சேரிமேட்டுக் கமலாம்பாள் நின்றாள். சேலையின் கீழ்ப்பாதி ஈரம், அதில் ஒட்டிய செதில்.

“ஏலம் முடிய நேரமாயிட்டு தங்கச்சி. வீட்டுக்குப் போயி மாத்திட்டு வந்தா பொண்ணு கெளம்பிடுமேன்னு ஓடியாந்தேன். இப்படியே ஓரமா நின்னு பாத்துட்டுப் போயிடறேன்.”

“நான்தான் பத்திரிகை வச்சேன், சம்பந்தி” என்றாள் சலோமி.

“வச்சீங்க, சரி. இந்த வாடையோட இவங்க பந்தியில உக்காந்தா எங்க சனம் எலைய விட்டு எழுந்திரிச்சிடும். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதீங்க.”

சொன்னால் செய்கிற மனிதர். பந்தியில் எழுந்தார்களென்றால் அந்தப் பேச்சு ஜெனிட்டாவை ஆயுசுக்கும் விடாது. அதற்காக இவளைத் திருப்பி அனுப்புவதா?

சுனாமி அன்று அலை சலோமி உடுத்தியிருந்ததையெல்லாம் உருவிக்கொண்டு அவளைக் கரையில் எறிந்தது. ஜெனிட்டா அப்போது வயிற்றில். கமலாம்பாள்தான் தன் சேலையை அவிழ்த்து அவளுக்குச் சுற்றிவிட்டு, பாவாடை ரவிக்கையோடு ஊர் நடுவே நடந்தாள். அந்தச் சேலையை ஒருநாளும் திரும்பக் கேட்டதில்லை.

கூப்பிட்டவள் நான். துணிக்கு இவள் எங்கே போவாள்?

சலோமி அவள் கையைப் பிடித்து மணப்பெண் அறைக்கு இழுத்துப் போனாள். பெட்டியில் அரக்குப் பட்டு ஒன்று மடிப்புக் கலையாமல் இருந்தது. பெண்ணைப் பெற்றவள் பந்திக்கு உடுத்த வேண்டுமென்று சிலுவைராஜே கடைக்குப் போய் எடுத்து வந்தது.

“ஐயோ, சம்பந்தி வீட்டுப் பட்டுடி இது! மீன் வாடை ஏறிடும்.”

“ஏறட்டும். கையைத் தூக்குங்கக்கா.”

வெளியே வந்தபோது சிலுவைராஜ் முதலில் பட்டைப் பார்த்தார். பிறகு, காலையில் கட்டிய கைத்தறியோடேயே நின்ற சலோமியைப் பார்த்தார். தாடை இறுகியது.

“இது பெத்தவளுக்குன்னு எடுத்த புடவை.”

“அதான் கட்டிவிட்டேன், சம்பந்தி. சுனாமி அன்னிக்கு இவங்க இல்லேன்னா நான் ஏது, பொண்ணு ஏது?”

அப்போதுதான் அவர் கமலாம்பாளின் முகத்தைப் பார்த்தார். பிறகு பன்னீர்ச் செம்பு அவள் பக்கம் மெல்லச் சாய்ந்தது.

“வாங்கம்மா” என்றார். “இலை காத்திருக்கு.”

எல்லோரும் சாப்பிட உட்கார்ந்ததும் சலோமி அறைக்குத் திரும்பித் தாழ்ப்பாள் போட்டாள். மூலையில் கிடந்த செதிலொட்டிய சேலையை அறையோடிருந்த குளியலறைக் குழாயடியில் போட்டு, உப்பும் வாடையும் போகும்வரை அலசினாள். கமலாம்பாள் வீட்டுக்குப் போகையில் உடுத்திக்கொள்ளட்டும் என்று, காற்று படும்படி சன்னல் கம்பியில் விரித்தாள்.