இணைப்பு ஆ, பதினோரு பக்கங்கள்

1

இது கதையாகத் தொடங்கவில்லை. முந்நூற்றுப் பதினாறு பேருக்கு நான் எழுத வேண்டிய கடிதங்களாகத் தொடங்கியது. ஒன்றையும் எழுத முடியாமல் கதையாகிவிட்டது. முப்பத்துநான்கு வருடம் அரசாங்கக் கோப்புகளில் குறிப்பெழுதியவன் நான். கதை எழுதிப் பழக்கமில்லை.

முதல் தொடக்கம்: ‘2004-ஆம் ஆண்டு, தில்லி லோதி ரோடு அரசுக் குடியிருப்பில், இருபத்தாறு வயதான’

இங்கே பெயர் வர வேண்டும். என் மகளின் பெயரை எழுதினால் நானும்

(இந்த வாக்கியம் இப்படியே இருக்கட்டும்.)

2

இரண்டாம் தொடக்கம், பெயர் இல்லாமல். அவளுக்குப் பதினான்கு வயதிலிருந்து வலிப்பு. மாத்திரை தவறாவிட்டால் வராது. படித்தாள், வேலைக்குப் போனாள், ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் முருங்கைக்காய்க்கு இந்தியில் சண்டை போட்டாள். அவள் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த மருத்துவமனை, தன் பழைய கணினியை, உள்ளே இருந்ததை அழிக்காமல் விற்றது. வாங்கியவன் நோயாளிகள் பட்டியலை அச்செடுத்தான். பெயர், வயது, விலாசம், நோய், மாத்திரை. முந்நூற்றுப் பதினெட்டு பேர். கைமாறிக் கைமாறி ஒரு பிரதி மாப்பிள்ளை வீட்டுக்குப் போனது.

நிச்சயதார்த்தத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது மாப்பிள்ளையின் அம்மா அதை எங்கள் மேசைமேல் வைத்தார்.

“நூத்தி நாப்பத்தி மூணைப் பாருங்க. நாங்களா கண்டுபிடிக்கலைன்னா, தாலி ஏறின பிறகு சொல்லியிருப்பீங்களா?”

“மாத்திரை போட்டா வராதுங்க, சம்பந்தியம்மா” என்றாள் என் மனைவி லீலாவதி.

“மாத்திரை பேரும்தான் இதுல இருக்கே. இன்னும் என்ன சம்பந்தியம்மா?”

(திருமணத்தைச் செல்லாததாக்கும் காரணங்களிலிருந்து வலிப்பை 1999-லேயே நீக்கிவிட்டார்கள். அந்தச் சட்டம் எங்கள் கூடத்துக்குள் வரவில்லை. நாங்கள் முன்பே சொல்லியிருப்போமா? இந்தக் கேள்விக்கு லீலாவதியும் நானும் இன்றுவரை ஒரே பதிலைச் சொன்னதில்லை.)

மகள் அழவில்லை. மருத்துவமனைக்குப் போவதை நிறுத்தினாள்.

“வேற டாக்டர்கிட்ட போகலாம்மா” என்றேன்.

“அங்கயும் ரிஜிஸ்டர் இருக்கும்ல. இனிமே எதுலயும் என் பேரு ஏறாதுப்பா.”

பெயர் எழுதாமல் சீட்டு இல்லை. சீட்டு இல்லாமல் மாத்திரை இல்லை. நான்கு மாதம் கழித்து ஒரு காலையில், குளியலறையில் தண்ணீர் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. வலிப்பு வந்து விழுந்தவள் எழவில்லை.

3

இதுவரை படித்தால் தகப்பன் நல்லவனாகத் தெரிகிறான். இந்தப் பாத்திரத்தின்மேல் எனக்குச் சந்தேகம் உண்டு. அடுத்து அவன் செய்ததை வேறொருவன்மேல் போட்டு ஒரு வரைவு எழுதிப் பார்த்தேன். கிழித்துவிட்டேன்.

2006. கணினித் தகவல் பற்றிய சட்டத் திருத்தத்துக்குத் துறைகளிடம் கருத்துக் கேட்டார்கள். கோப்பு என் மேசைக்கு வந்தது. நான் ஒரு பிரிவு எழுதினேன்: ‘தகவலை வெளியே விட்டவர், அது தெரியவந்த ஏழு நாட்களுக்குள், உரிய ஒவ்வொருவருக்கும் தெரிவிக்க வேண்டும்.’ மருத்துவமனை எங்களுக்குச் சொல்லியிருந்தால், மாப்பிள்ளை வீட்டுக்கு நாங்களே போய்ப் பேசியிருக்கலாம். அவளும் அதை அடுத்தவர் வாயால் கேட்டிருக்க மாட்டாள்.

மேலதிகாரி மாணிக்கவாசகம் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு படித்தார்.

“அச்சா. ஆதாரம் எங்கய்யா? நீரு சொன்னா பார்லிமென்ட் எழுந்து நிக்குமா? அனெக்ஸர் போடும், ஜல்தி. புதன்கிழமை மீட்டிங்.”

எங்கள் வழக்கம் இது: இணைப்பு இல்லாத கருத்து நிற்காது. இணைப்பு முழுதாக இருக்க வேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் ‘உண்மை நகல்’ என்று கையெழுத்து வேண்டும். என் அலமாரியில், மாப்பிள்ளையின் அம்மா மேசைமேல் விட்டுப்போன பட்டியலின் பதினோரு பக்கங்களும் இருந்தன. 143-ஆம் வரியை மட்டும் வெள்ளை மை தடவி மறைத்தேன். காயும்வரை ஊதினேன். எல்லாப் பக்கத்திலும் கையெழுத்திட்டு, இருபத்திரண்டு அலுவலகங்களுக்கு அனுப்பினேன்.

மற்றவர்களைப் பற்றி நினைக்கவே இல்லை. முப்பத்துநான்கு வருடம் இணைப்பு வைத்தவனுக்கு அது இணைப்பு, அவ்வளவுதான்.

4

உஷாராணி (அவள் பெயர் இதுவல்ல) இரண்டு மாதம் கழித்து வீட்டுக்கு வந்தாள். முனிர்காவில் அறை எடுத்துத் தங்கியிருந்த தமிழ்ப் பெண். அந்த இருபத்திரண்டில் ஒரு அலுவலகத்தில் தற்காலிகத் தட்டச்சர். கையில் என் கையெழுத்திட்ட ஐந்தாம் பக்கம்.

“சார், நூத்தி நாப்பத்தி மூணு வெள்ளையா இருக்கே. யாரு?”

“என் மகள்.”

“நான் நூத்தி நாப்பத்தி நாலு.”

அவள் உட்கார நாற்காலியை நகர்த்தினேன்.

“ஆபீஸ்ல இனிமே வர வேணாம்னுட்டாங்க. வலிப்பு வந்து கம்ப்யூட்டர் மேல விழுந்து வெச்சேன்னா, அது கவர்மென்ட் சொத்தாம். எல்லாரும் சிரிச்சாங்க.” தாளை என் பக்கம் திருப்பினாள். “பிரஷ் கையிலதான சார் இருந்துச்சு? ஒரு வரி கீழ வந்தா என்ன?”

சமையலறை வாசலில் நின்ற லீலாவதி, “அந்தத் தாளைக் கொளுத்திட்டேன்னு சொன்னீங்களே” என்றாள்.

5

முடிவுகள்.

(அ) என் பிரிவு சட்டத்தில் ஏறுகிறது. நடக்கவில்லை. ‘இணைப்பு ஆட்சேபத்துக்குரியது’ என்று கோப்பு திரும்பியது. இணைப்போடு பிரிவும் போயிற்று. 2008 இறுதியில் திருத்தம் நிறைவேறியது. அலட்சியத்துக்கு நஷ்டஈடு உண்டு என்றது. உரியவருக்குச் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை.

(ஆ) நான் எழுதிய பிரிவுக்கு நானாவது கட்டுப்படுகிறேன். மகளும் உஷாராணியும் போக மீதி முந்நூற்றுப் பதினாறு பேருக்குக் கடிதம். ‘அன்புடையீர், தங்கள் வலிப்பு நோய் குறித்த’

வீட்டில் கடிதத்தை யார் பிரிப்பார்கள்? மாமனாரா, புருஷனா? போன் செய்தால் யார் எடுப்பார்கள்? சொல்வதும் வெளியே விடுவதுதான்.

(இ) தமிழில் எழுதி அச்சுக்குக் கொடுப்பது. பட்டியலில் தமிழ்ப் பெயர்கள் பத்து. அவர்களிலும் பாதிப்பேர் தில்லியில் பிறந்தவர்கள், தமிழ் படிக்க மாட்டார்கள். இது எதற்கும் உதவாது என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

2003 வாக்கில் தெற்கு தில்லியில் வலிப்புக்கு மருத்துவம் பார்த்துக்கொண்டவர் நீங்கள் என்றால்: உங்கள் பெயர் இரண்டு முறை வெளியே போயிருக்கலாம். இரண்டாவது முறை, உண்மை நகல் என்ற என் கையெழுத்தோடு. ஏழு நாளில் சொல்லியிருக்க வேண்டும். மூன்று வருடமாகிவிட்டது. இனி நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. அதை நீங்கள்தான் முடிக்க வேண்டும். இப்போது யாராவது பக்கத்தில் இருந்தால், முகத்தில் எதையும் காட்டாமல் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுங்கள்.