சும்மா போன தடம்

தார் ரோட்டில் சைக்கிள் ஓட்டுகிறவனைச் சடையன் சைக்கிள்காரன் என்று ஒத்துக்கொண்டதே இல்லை. கல் உடைத்தவன் ஒருத்தன், ரோலர் ஓட்டினவன் ஒருத்தன், அதன்மேல் உட்கார்ந்து போகிறவனுக்கு என்ன பெருமை என்பான். சடையன் ஊர் காவலூரிலிருந்து நாலு மைல் தள்ளி மலைமேலேயே இருந்தது. மாடு போகிற தடம், கரடி போகிற தடம், மழைத் தண்ணீர் இறங்குகிற தடம் என்று எதெல்லாம் ரோடு இல்லையோ அதிலெல்லாம் அவன் சைக்கிள் போகும். வயது ஐம்பத்திரண்டு. இந்தப் பைத்தியம் பிடித்து ஒன்பது வருஷம்.

சைக்கிள் பழசாக வாங்கியது. வாங்கி வந்த வாரமே மட்கார்டு இரண்டையும் கழற்றி எறிந்தான். சேறு அடைத்துக்கொண்டால் சக்கரத்தைப் பிடித்துவிடும். செயின் கவர், ஸ்டாண்டு, மணி எல்லாம் அதோடு போயிற்று. மணி யாருக்கு அடிக்க, கரடிக்கா? கேரியரையும் விடவில்லை. கேரியர் இருந்தால் எவனாவது ஏறி உட்காருவான், இல்லாவிட்டால் மூட்டையைக் கட்டிக் கொடுத்து அனுப்புவான். டயரில் காற்றை எப்போதும் கம்மியாகத்தான் வைப்பான். கல் மாதிரி காற்றடித்துக் கொடுக்கிற கடைக்காரன் நாளைக்கே பஞ்சர் ஆகி வரட்டும் என்று பார்க்கிறான். அவனை நம்பக் கூடாது. செங்குத்து இறக்கத்தில் பிரேக் கட்டையையும் நம்பக் கூடாது. சீட்டுக்குக் கீழே கயிறு போட்டு ஒரு பச்சைக் கிளையைக் கட்டி இழுத்துக்கொண்டு இறங்க வேண்டும். பின்டயர் ஒருமுறை பாறையில் கிழிந்தபோது, பழைய டயர்த் துண்டை உள்ளே வைத்துத் தோல் வாரால் அவனே தைத்துவிட்டான். அன்று முதல் சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் மண்ணில் பூரான் படுத்த மாதிரி ஒரு தடம் விழும்.

எங்கே போகிறாய் என்று யார் கேட்டாலும் "சும்மாதான்" என்பான். போய் வந்த பிறகு கேட்டாலும் அதேதான். அது உண்மை. பெரிய பாறை வரைக்கும் போவான், ஒரு வெற்றிலை போடுவான், திரும்பிவிடுவான். ஊரில் ஒருத்தரும் நம்பவில்லை. கேரியர் இருந்திருந்தால் சந்தனக்கட்டை கடத்துகிறான் என்றிருப்பார்கள். இல்லாததால், கழற்றி எங்கேயோ ஒளித்து வைத்திருக்கிறான் என்றார்கள். சடையன் அதற்கு வருத்தப்படவில்லை. அவனும் யாரையும் நம்புகிறவன் இல்லை. காவலூரில் தொலைநோக்கிக்கு வெள்ளைக் கூண்டு கட்டி உட்கார்ந்திருப்பவர்கள் நட்சத்திரம்தான் பார்க்கிறார்கள் என்பதைக்கூட அவன் நம்பவில்லை. அவ்வளவு பெரிய கண்ணாடியை வைத்துக்கொண்டு எவனாவது வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பானா?

ஒரு திங்கட்கிழமை காலையில் காட்டிலாகா கார்டு சுப்பிரமணி அவன் வீட்டு வாசலில் வந்து நின்றான். கண்ணமங்கலத்துக்காரன், மலைக்கு வந்து ஆறு மாதம். தன் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டு, மாட்டுக் கொட்டகைக்குள் போய்க் குந்தி, சடையனின் பின்டயரை விரலால் தடவிப் பார்த்தான்.

"இன்னா கவுண்டரே, டயருக்கு ஆபரேஷன் நடந்திருக்குது போல."

"கிழிஞ்சா தெச்சிக்கிறதுதான். உன் சட்டைய நீ தெச்சிக்கல?"

"ஓடைமேட்டுல ஒரு சந்தன மரம் போயிருக்குதுங்க. வெள்ளிக்கிழம வெட்டியிருக்கானுங்க. மரம் இருந்த எடத்துல இந்தத் தையல் தடம் வுழுந்திருக்குது."

"வெள்ளிக்கிழம நான் ஜமுனாமரத்தூர் சந்தையில இருந்தேன். சாமை மூட்டையோட பஸ்ஸுல போனேன். டீக்கடையில எம்பக்கத்துலதான நீ குந்தியிருந்த?"

"ஆமா. அதனாலதான் உங்கள இன்னும் ஜீப்புல ஏத்தல. நீங்க சந்தையில இருந்தீங்க, உங்க சைக்கிளு காட்டுல இருந்துச்சு. நடுவுல ஒருத்தன் ஓட்டியிருக்கான் இல்ல? வியாழக்கிழம ரேஞ்சர் வர்றாரு. அதுக்குள்ள ஆளைச் சொல்லுங்க. இல்லன்னா சைக்கிள ஏத்திக்கினு போய்டுவோம்."

கேஸில் பிடித்த வண்டி ஒன்றாவது திரும்பி வந்து சடையன் பார்த்ததில்லை.

கார்டு போனதும் அவன் நடந்தே ஓடைமேட்டுக்குப் போனான். போன வாரம் பெய்த மழைக்குக் காயாத மண், அதற்கப்புறம் மழை இல்லை. தடம் அழியாமல் கிடந்தது. டயர் அவனுடையதுதான், ஆனால் ஓட்டு அவனுடையது இல்லை. குனிந்து நாலு இடத்தில் பார்த்தான். டயரின் வலது ஓரம் மட்டும் அழுந்தியிருந்தது; இடது ஓரம் மண்ணில் பட்டும் படாமலும் போயிருந்தது. வழி நெடுக சைக்கிள் வலப்பக்கம் சாய்ந்தே வந்திருக்கிறது. சீட்டில் உட்கார்ந்து ஓட்டினால் இப்படி விழாது. பாருக்குக் கீழே வலது காலை நுழைத்து, நின்றபடி அரைப்பெடல் போட்டால்தான் விழும். சீட்டு எட்டாதவன் ஓட்டுகிற ஓட்டு அது. ஆக, ஓட்டினவன் குள்ளன்.

குள்ளன் என்றால் ஊரில் ஒருத்தன்தான். சடையன் மனைவி மாதம்மாளின் தம்பி சின்னதம்பி. சடையன் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக அவன் களத்துக்குப் போனான். சின்னதம்பி சாமைத் தாளைப் போர் போட்டுக்கொண்டிருந்தான்.

"மச்சான், வெள்ளிக்கிழம எங்க இருந்த?"

"இங்கதான் மாமா. இன்னா விஷயம்?"

"சைக்கிள எடுத்தியா?"

சின்னதம்பி சிரித்தான். "எனக்கு அது ஓட்ட வராது மாமா. கத்துக்குடுன்னு பத்து வாட்டி கேட்டேன். தொட்டா கைய ஒடிச்சிடுவேன்ன. இப்ப வந்து ஓட்டினியான்னு கேக்கற."

"வராதுன்னு சொல்றவன்தான் திருட்டுத்தனமா ஓட்டுவான்."

"அப்ப வரும்னு சொன்னா நம்பிடுவியா?"

"அதெப்படி நம்புவேன்?"

"அப்புறம் எதுக்கு இவ்ளோ தூரம் நடந்து வந்த? போய் வேலயப் பாரு மாமா."

சடையன் வீட்டுக்கு வந்து கத்தினான். எவனாக இருந்தாலும் கையைப் பிடித்து ரேஞ்சரிடம் தானே ஒப்படைக்கப் போவதாகச் சொன்னான். மச்சானாக இருந்தாலும் சரி, மாமனாராக இருந்தாலும் சரி என்றான். மாதம்மாள் களியைத் தட்டில் போட்டு வைத்தாள். "எங்கப்பன் செத்து ஆறு வருசம் ஆவுது, அவர வுட்டுடு" என்று மட்டும் சொன்னாள்.

புதன்கிழமை ஒரு வழி செய்தான். காவலூருக்கு நடந்து போய்ச் சாயங்காலம்தான் வருவேன் என்று எல்லார் காதிலும் விழச் சொல்லிவிட்டுக் கிளம்பினான். ஊர் எல்லை தாண்டியதும் கொல்லைப் பக்கமாகச் சுற்றி வந்து, சொந்தச் சாமைப் போருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். கையில் ஒரு மூங்கில் தடி. சின்னதம்பி வருவான், இல்லாவிட்டால் கார்டே வருவான் என்று எதிர்பார்த்தான். கார்டு மேல் அவனுக்கு எப்போதும் ஒரு கண். மரத்தை வெட்டினவனே தடத்தையும் போட்டிருக்கலாம் இல்லையா?

வெயில் ஏறியதும் கொட்டகையிலிருந்து சைக்கிள் வெளியே வந்தது. அதைத் தள்ளிக்கொண்டு வந்தவள் மாதம்மாள்.

புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகினாள். இரண்டு பக்கமும் பார்த்தாள். சைக்கிளை வலப்பக்கம் சாய்த்து, பாருக்குக் கீழே காலை நுழைத்து, ஒரே எம்பில் கிளம்பிவிட்டாள். நாற்பத்தைந்து வயதுப் பொம்பிளை. சடையனுக்குத் தடியைப் பிடித்திருக்கிறோம் என்பதே மறந்துவிட்டது.

பின்னாலேயே குறுக்கு வழியில் ஓடினான். ஊருக்கு வெளியே வேரும் கல்லுமாக ஒரு பள்ளம் இருக்கிறது. ஒன்பது வருஷத்தில் அவனே அங்கே பாதி நாள் இறங்கித் தள்ளித்தான் ஏறுவான். அவள் பிரேக்கைத் தொடவில்லை. உடம்பைப் பின்னுக்குத் தள்ளி, முன்சக்கரத்தைத் தூக்கிவிட்டு, ஒரே ஓட்டத்தில் மேலே போய்விட்டாள். அவனுக்கு வந்த கோபத்தில் பாதி அதற்காகத்தான்.

ஓடைமேட்டைத் தாண்டினாள். வெட்டிய மரத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பெரிய பாறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். எழுந்து திரும்பி வந்தபோது சடையன் வழியை மறித்து நின்றுகொண்டிருந்தான். அவள் இறங்கினாள். முகத்தில் பயம் இல்லை, வேர்வைதான் இருந்தது.

"இன்னா இது?"

"சைக்கிளு."

"எத்தினி நாளா?"

"மூணு மாசமா. நீ சந்தைக்குப் போற நாளெல்லாம்."

"எதுக்கு?"

மாதம்மாள் முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். "மொதல்ல உன்னப் பாக்கத்தான். தெனம் எங்கயோ போற, கேட்டா சும்மான்ற. எவளையோ வெச்சிக்கினு இருக்கன்னு பக்கத்து வூட்டு வடிவு சொன்னா. நீ அந்தாண்ட போனதும் உன் தடத்தைப் புடிச்சிக்கினே நடந்து வந்து பாத்தேன். இந்தப் பாறைதான் இருந்துச்சு. ஒருவேளை சைக்கிள்ல போனாத்தான் தெரியுமோன்னு ஒரு நாளு எடுத்தேன். வுழுந்தேன். மறுபடி எடுத்தேன்."

"ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சிதில்ல? அப்புறம் எதுக்கு வந்த?"

"சும்மாதான்."

சடையன் அந்தப் பதிலை ஆயிரம் தடவை சொன்னவன். யாரும் அவனிடம் சொன்னதில்லை. காதில் விழுந்ததும், இதில் ஏதோ இருக்கிறது என்றுதான் அவனுக்கும் தோன்றியது.

"சும்மா எவளாவது இவ்ளோ தூரம் வருவாளா? உண்மையச் சொல்லு."

"சொல்லியாச்சு."

"நாளைக்கு ரேஞ்சர் வர்றான்னு தெரிஞ்சும் இன்னிக்கு எடுத்திருக்கற."

"அதனாலதான் எடுத்தேன். நாளைக்கு இது போய்டும். ஒரு வாட்டி ஓட்டிக்கலாம்னு வந்தேன். கையப் புடிச்சிக் குடுக்கறேன்னியே, குடு."

அவளைச் சொன்னால், வெட்டிய மரத்துப் பக்கம் தனியாகத் திரிந்தவள் என்று ஊரெல்லாம் பேசும். சொல்லாவிட்டால் சைக்கிள் போகும். இரண்டு பேரும் வீடு வரைக்கும் நடந்தார்கள். சைக்கிளை அவன்தான் தள்ளினான்.

வியாழக்கிழமை ஜீப் வந்தது. ரேஞ்சர் கனத்த ஆள், கண்ணாடி போட்டவர். கார்டு ஓடிப்போய் சைக்கிள் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டான்.

"யாரு ஓட்டினது?" என்று ரேஞ்சர் கேட்டார்.

"நான்தான் ஐயா" என்றான் சடையன்.

"ஐயா, இவரு அன்னிக்கு எங்கூட டீ குடிச்சாருங்க" என்றான் சுப்பிரமணி.

"ஏன்யா, ஒரே நேரத்துல ரெண்டு எடத்துலயும் இருந்தியா?"

மாதம்மாள் கையைத் துடைத்துக்கொண்டே உள்ளேயிருந்து வந்தாள். "நான்தாங்க ஓட்டினேன்."

கார்டு சிரித்துவிட்டான். "புருசனக் காப்பாத்த வேற நல்ல பொய்யாச் சொல்லும்மா."

"எங்க, ஓட்டு பாக்கலாம்" என்றார் ரேஞ்சர்.

"வாசல்ல ஓட்டிக் காட்ட இது சர்க்கஸ் இல்லீங்க. தடம் எங்க கெடக்குதோ அங்க ஓட்டறேன். பின்னாடியே வாங்க."

ஏறிப் போய்விட்டாள். கார்டு தன் சைக்கிளில் துரத்தினான். ரேஞ்சரும் சடையனும் நடந்து பள்ளத்துக்கு வந்தபோது, கார்டு முன்சக்கரம் சேற்றில் மாட்டிக் கீழே கிடந்தான். மாதம்மாள் மேலே ஓடைமேட்டில் நின்றுகொண்டிருந்தாள்.

பழைய தடத்தின் பக்கத்திலேயே புதுத்தடம் விழுந்திருந்தது. இரண்டிலும் வலது ஓரம் ஒரே மாதிரி அழுந்தியிருந்தது. சடையன் குந்தி உட்கார்ந்து காட்டினான். "நிக்காம போயிருக்குது பாருங்க ஐயா. கட்டைய ஏத்தியிருந்தா பின்சக்கரம் ஆழமா எறங்கியிருக்கும். அதுவுமில்லாம, பாருக்குள்ள கால் இருக்குறப்ப கட்டைய எங்க வெக்கறது? அங்க பாருங்க. நாலு பேரு, குதிகாலு அழுந்தி, ஓடைப் பக்கமா எறங்கியிருக்கானுங்க. தோள்ல சொமந்தவன் காலு அது. உங்க கார்டு என் டயரையே பாத்தான், அதைப் பாக்கல."

ரேஞ்சர் நெடுநேரம் குனிந்து பார்த்தார். ஓடை வரைக்கும் இறங்கிப் பார்த்துவிட்டு ஏறி வந்து நோட்டைத் திறந்தார்.

"சரி. நீ எதுக்கும்மா இந்தப் பக்கம் வந்த?"

"சும்மா."

பேனா நின்றது. "அப்படியெல்லாம் எழுத முடியாதும்மா. ஒரு காரணம் வேணும்."

சேற்றோடு வந்து சேர்ந்த சுப்பிரமணி எடுத்துக் கொடுத்தான். "வெறகுக்கு வந்தியாம்மா?"

"இல்ல."

"தேனுக்கு? கெழங்குக்கு?"

மாதம்மாள் ரேஞ்சரைப் பார்த்தாள். ஏதாவது ஒன்றைச் சொல்லி முடித்துவிடலாம் என்று அவள் வாயைத் திறப்பதைச் சடையன் கண்டான். சட்டென்று நடுவில் வந்தான்.

"இரு. ஐயா, இவன் எடுத்துக் குடுக்கற காரணமெல்லாம் கேஸு. வெறகுன்னா கேஸு, தேனுன்னா கேஸு. வழி எங்க ஊரு வழி. எதனா எடுக்க வந்தாத்தான குத்தம்? சும்மா வந்தா எந்தச் சட்டத்துல குத்தம்?"

ரேஞ்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். "நீ நம்பறியா, இவ சும்மா வந்தான்னு?"

"நம்பறேன்" என்றான் சடையன். கணீரென்று சொன்னான். அவன் ஆயுளில் சொன்ன பெரிய பொய் அதுதான்.

ரேஞ்சர் எழுதினார். சடையனுக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும்; தலைகீழாக இருந்ததைக் கூட்டிப் பார்த்தான். சு, ம், மா. மாதம்மாள் அதற்குக் கீழே கைநாட்டு வைத்தாள். "சைக்கிள வெச்சிக்கோங்க" என்று சொல்லிவிட்டு ரேஞ்சர் ஜீப்பைப் பார்த்து நடந்தார்.

சடையன் கை நீட்டுவதற்குள் மாதம்மாள் சைக்கிளில் ஏறிவிட்டாள். வீட்டுப் பக்கம் போவாள் என்று பார்த்தான். அவள் பாறைப் பக்கம் திருப்பினாள்.

மட்கார்டு நசுங்கிய சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு சுப்பிரமணி கிட்டே வந்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டான். "கவுண்டரே, எழுதினதெல்லாம் எழுதியாச்சு. இப்பவாச்சும் சொல்லுங்க. அந்தப் பாறையில இன்னாதான் இருக்குது?"

"ஒண்ணும் இல்ல. போ."

கார்டு நம்பாமல் போனான். அவன் தலை மறைகிற வரைக்கும் சடையன் நின்றான். பிறகு, எதுவும் இல்லை என்று ஒன்பது வருஷமாகத் தெரிந்த அந்தப் பாறையை நோக்கி, சத்தம் கேட்காதபடி குறுக்கு வழியில் நடக்க ஆரம்பித்தான்.