பூட்டியிருந்த பின்கதவு

"அண்ணே, கையைத் தூக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் அவள் அண்ணனின் வலது கையைத் தூக்கிச் சட்டைக்குள் நுழைத்தாள். பிணவறை ஊழியர் அவளை ஒரு மாதிரி பார்த்தார்.

"அவருக்கு இனிமே கேக்காதும்மா."

"தெரியும்."

தெரிந்தும் வாய் நிற்கவில்லை. சாயப்பட்டறை எரிந்த நாளிலிருந்து வந்த பழக்கம் அது. அண்ணனைத் தொடுவதற்கு முன் எதிரே வந்து நின்று, சொல்லிவிட்டுத்தான் தொட வேண்டும். சரக்கு களவு போகிறதென்று பட்டறைக் கதவை வெளியிலிருந்து பூட்டி வைத்திருந்தார் முதலாளி. உள்ளே நடந்ததை அண்ணன் ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறான். "புகையில எதுவும் தெரியல. யாரோ பின்னாலேர்ந்து என் தோளைப் பிடிச்சாங்க. உதறிட்டு ஜன்னல் வழியா குதிச்சிட்டேன். பிடிச்சது யாருன்னு இன்னி வரைக்கும் தெரியாது."

அதற்குப் பிறகு எந்த வேலையிலும் அவனால் தங்க முடியவில்லை. தங்கியது பொது நூலகத்தில் மட்டும்தான். முன்வாசலும் பின்கதவும் ஒருசேரத் தெரிகிற மூலை நாற்காலியில் காலையில் உட்கார்ந்தால் மாலைவரை இருப்பான். பழைய செய்தித்தாள்களில் குறுக்கெழுத்துப் போடுவான். "எவனோ எனக்கு முன்னாடியே பேனால எழுதி வச்சிருக்கான். அதுவும் அத்தனையும் தப்பு!" என்று வீட்டுக்கு வந்து பொரிந்து தள்ளுவான். அவன் கோபப்படுவதே அவளுக்குச் சந்தோஷமாக இருக்கும். மனுஷன் உயிரோடுதான் இருக்கிறான் என்று தோன்றும்.

உடலைப் பெட்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து முன்னறையில் கிடத்தியதும் முதலில் வந்தவள் நூலகத்தில் புத்தகம் பதிந்து கொடுக்கிற பெண். செருப்பைக் கழற்றாமலே உள்ளே வந்து, பெட்டியைப் பார்த்து, பிறகு நினைவு வந்து வெளியே போய்க் கழற்றிவிட்டு வந்தாள்.

"போலீஸ்ல என்னக்கா சொன்னாங்க?"

"திடீர்னு ரோட்டுல ஓடி வந்தாராம். லாரிக்காரர் மேல தப்பில்லையாம்."

"ஏன் ஓடினார்னு சொன்னாங்களா?"

இல்லை. அந்தப் பெண்தான் சொன்னாள். புத்தகம் திருட்டுப் போகிறதென்று புதுத் தலைமை நூலகர் பின்கதவுக்குச் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டார். அண்ணன் நாற்காலியில் உட்காரவில்லை. கதவருகே போய்ச் சங்கிலியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றான். அவனை அங்கிருந்து அப்புறப்படுத்தச் சொல்லிக் காவலாளிக்கு உத்தரவு வந்தது. காவலாளி பின்னாலிருந்து போய்த் தோளைப் பிடித்தார்.

"நான் மேல்மாடியில இருந்தேங்க்கா. சத்தம் கேட்டு இறங்கி வர்றதுக்குள்ள அவர் ரோட்டுக்குப் போயிட்டார்." அவள் மூக்கை உறிஞ்சினாள். "சார்கிட்ட முன்னாடியே சொன்னேன். கதவைப் பூட்டாதீங்க, அவரைத் தொடாதீங்க, எதிர்ல போய்ப் பேசினா கேட்டுப்பார், காவலுக்கு இருக்கறவங்களுக்கும் இதைச் சொல்லிக் குடுங்கன்னு. 'இது நூலகம்மா, ஆஸ்பத்திரி இல்ல'ன்னுட்டார்."

தங்கையின் கணவர் வந்து பெட்டியை எடுக்க நேரமாகிறது என்றார். அவள் காதில் விழவில்லை. பட்டறைக் கதவும் நூலகக் கதவும் ஒரே கதவாக அவளுக்குத் தெரிந்தன. பட்டறை முதலாளியாவது ஒன்றும் படிக்காதவர்.

அந்த நேரம் பார்த்து வாசலில் கார் வந்து நின்றது. தலைமை நூலகர் இறங்கினார். பின்னால் பெரிய மலர்வளையத்தைச் சுமந்துகொண்டு சீருடையில் காவலாளி. அவளைவிட வயதில் சின்னவர்தான். முகம் செத்துக் கிடந்தது.

"ரொம்ப வருத்தமா இருக்கும்மா. எங்களோட நெடுநாள் வாசகர்."

"நெடுநாள் வாசகர்னா அவரை எதுக்கு வெளியே தள்ளச் சொன்னீங்க?"

அவர் சுற்றிலும் பார்த்தார். குரலைத் தணித்தார். "மத்தவங்க பாதுகாப்பையும் நாங்க பார்க்கணும் இல்லையா? ஊழியரை அடிச்சிட்டு ஓடியிருக்கார். நாங்க அதைப் பெருசு பண்ணலை. வாசகர்கள் பயப்படக்கூடாதுன்னு பலகையில ஒரு அறிவிப்பு மட்டும் போட்டிருக்கோம்."

"என்னன்னு?"

அவர் கார் பக்கம் பார்த்தார். அந்தப் பெண் தரையைப் பார்த்தபடி சொன்னாள். "வன்முறையில் ஈடுபட்ட நபர் ஒருவர், ஊழியரைத் தாக்கிவிட்டுத் தப்பி ஓடும்போது விபத்தில் சிக்கினார்னு போட்டிருக்குக்கா."

காவலாளி வளையத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"அடிக்கலை சார்."

"நீ கார்ல போய் இரு."

"அவர் என்னை அடிக்கலைங்க. கையை உதறினார், அவ்வளவுதான்." அவர் அவளைப் பார்த்துப் பேசினார். "தொடக்கூடாதுன்னு எனக்கு யாருமே சொல்லலம்மா. வேலைக்குச் சேர்ந்தப்போ சட்டையும் விசிலும் குடுத்தாங்க. வேற ஒண்ணும் சொல்லித் தரலை."

உதறினார். பட்டறையைப் பற்றி அண்ணன் சொன்னபோதும் இதே சொல்தான். இந்த ஆளை நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்றுதான் அந்தப் பெண் சொன்னதிலிருந்து நினைத்திருந்தாள். இப்போது அவரை விட்டுவிட்டுத் தலைமை நூலகர் பக்கம் திரும்பினாள்.

"கேட்டீங்கல்ல? அந்த அறிவிப்பை எடுங்க."

"மேலிடத்துக்கு அறிக்கை போயாச்சு. இனிமே என் கையில ஒண்ணும் இல்லம்மா."

"பூட்டு மட்டும் உங்க கையில இருந்துச்சா?"

கணவர் அவள் முழங்கையைப் பிடித்தார். "விடு. எல்லாரும் பார்க்கறாங்க."

"பார்க்கட்டும்! எங்கண்ணன் ஒரு எறும்பைக்கூட அடிச்சதில்ல. நீங்க கொண்டுவந்த பூவை நீங்களே எடுத்துட்டுப் போங்க."

வளையம் காரின் பின்பக்கத்தில் திரும்ப ஏறியது. காவலாளி காரில் ஏறவில்லை. சந்து குறுகலாக இருந்ததால் பெட்டியைத் தெருமுனை வரை தூக்கிப் போக வேண்டியிருந்தது, ஆள் போதவில்லை. அவர் தயங்கித் தயங்கி அவளிடம் வந்து, "நானும் பிடிக்கட்டுமாம்மா?" என்றார். அவள் வழியை விட்டு ஒதுங்கி நின்றாள்.

மறுநாள் காலை, நூலகம் திறந்த கையோடு அவள் உள்ளே போனாள். வாசலில் புதிதாக ஒரு காவலாளி நின்றார். பின்கதவில் சங்கிலி அப்படியே தொங்கியது. முதியவர் ஒருவர் அறிவிப்புப் பலகைக்கு முன் நின்று, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, வாய்க்குள் படித்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் நகர்ந்துக்கோங்க ஐயா."

குண்டூசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கித் தாளை எடுத்தாள். கிழிக்கவில்லை, நான்காக மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"ஹலோ, யாரு நீங்க? அதெல்லாம் எடுக்கக்கூடாது" என்றார் புதுக் காவலாளி.

"இதுல போட்டிருக்கறவரோட தங்கச்சி."

"மறுபடியும் ஒட்டுவாங்கம்மா."

"மறுபடியும் வருவேன்."

அவர் அவளைத் தொடவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் தலைமை நூலகரின் அறையைத் திரும்பிப் பார்த்தார். அவளுடைய மூடிய கைக்குள் ஊசிகள் குத்தின. எங்கே போடுவதென்று தெரியாமல் நின்றாள். புத்தகம் பதிகிற பெண் தலையை நிமிர்த்தவில்லை. ஒரு கையால் முத்திரை குத்திக்கொண்டே, மறு கையால் ஊசி டப்பாவை மேசையின் விளிம்புக்கு நகர்த்தி வைத்தாள்.